விளாச்சேரி இடையன்

மதுரைப் பக்கத்தில் பொம்மை என்றால் விளாச்சேரிதான். திருப்பரங்குன்றத்துக்கு அருகில் இருக்கும் இந்த ஊரில்தான் 1870-இல் பரிதிமாற் கலைஞர் பிறந்தார். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது குடில் வருகிற ஊர். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் அகல் விளக்கு, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில், தையில் பொங்கல் பானை என்று இங்குள்ள மண்பாண்டம் வனையும் வேளார் வீடுகளின் ஆண்டு நகர்கிறது. ஐயனார் கோயிலுக்குப் புரவி செய்து கொடுப்பது வேளார்களின் வழிவழி வேலை. பல கோயில்களில் பூசாரிகளும் அவர்களே. அந்தக் கைகள்தாம் பாலன் இயேசுவையும் மாதாவையும் சூசையப்பரையும் செய்து எங்களைப் போன்ற பள்ளிகளுக்கும் பங்குகளுக்கும் அனுப்புகின்றன.

நான் வேலை பார்ப்பது மதுரைக்கு வெளியே ஒரு கிராமத்தில், அருட்சகோதரிகள் நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில். பிள்ளைகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் "குடில் எப்ப டீச்சர்?" என்று முதலில் கேட்பது அவர்கள்தான். கார்த்திகையில் பெட்டியைத் திறந்து, வைக்கோலை விலக்கிப் பார்த்தால் இரண்டு இடையர்களில் ஒருவன் நொறுங்கிக் கிடந்தான். தோளில் ஆட்டுக்குட்டியைச் சுமந்து நிற்பவன். ஒட்டவைக்க முடியாத அளவுக்குத் தூள். எங்கள் சுரூபங்கள் மண்ணில் செய்து சுட்டவை. இப்போது வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் எல்லாரையும்விட அவற்றுக்கு இந்தப் பள்ளியில் அனுபவம் அதிகம். "இன்னொரு இடையனைக் கையோட எடுத்துட்டுப் போங்க. அதே மாதிரி செஞ்சு தர முடியுமான்னு கேளுங்க" என்றார் தலைமையாசிரியை சிஸ்டர்.

நான் போன வீட்டின் முன்புறம் முழுவதும் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதன் அடியில், பலகைகளில் வரிசையாக, இன்னும் நிறம் காணாத மாதாக்கள். சாம்பல் நிறத்தில் ஈரம் பூத்திருந்தார்கள். வீட்டுப் பெரியவர் நான் கொண்டுபோன இடையனை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த சிறு துளையில் விரல் வைத்துப் பார்த்தார்.

"சுட்ட மண்ணு. நல்ல வேலை. ஆனா இதே அளவுல வராது டீச்சர்."

"அச்சு எடுத்துச் செய்யலாமே, ஐயா?"

"எடுக்கலாம். இதுல அச்சு எடுத்தா அச்சு இந்த அளவு இருக்கும். அதுல அடைக்கிற மண்ணு காயும்போது ஒருக்கா சுருங்கும், சூளையில ஒருக்கா சுருங்கும். வெளிய வர்றவன் இவனைவிடச் சின்னவனா இருப்பான்."

பத்தில் ஒரு பங்கு போலக் குறையும் என்று விரலிடையில் காட்டினார். முதன்முதலில் இந்த இடையனைக் கையால் வனைந்தவர், சுருங்குவதற்கும் சேர்த்து இடம் விட்டுப் பெரிதாகத்தான் வனைந்திருப்பார்; அதிலிருந்து எடுத்த மூல அச்சு இப்போது யாரிடமும் இல்லை. அதே அளவு வேண்டுமென்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஊற்றித் தருகிறேன், அது சுருங்காது என்றார். இரண்டையும் சொல்லிவிட்டு, எது வேண்டும் என்பதை எங்களிடமே விட்டார். எதையாவது விற்றால் போதும் என்று நினைப்பவர் அப்படிச் சொல்லமாட்டார். அங்கிருந்தே சிஸ்டரைத் தொலைபேசியில் கேட்டேன். மண்ணிலேயே இருக்கட்டும் என்றார்.

இடையன் உருவாவதைப் பார்க்க அதன் பிறகும் சில முறை போனேன். கண்மாயிலிருந்து வரும் வண்டல் மண்ணை ஊறவைத்து, கரைத்து, கல்லும் வேரும் போக வடிகட்டி, மணல் சேர்த்துக் காலால் மிதிக்கிறார்கள். மிதிப்பதுதான் அசதியான வேலை. உள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டாலும் சூளையில் வம்பு. அச்சு இரண்டு பாதி. பழைய இடையன்மேல் சோப்புக் கரைசலைத் தடவி, முன்பாதிக்கு ஒன்றும் பின்பாதிக்கு ஒன்றுமாகப் பிளாஸ்டரில் அச்சு எடுத்தார் பெரியவர். ஆட்டுக்குட்டிதான் சிக்கல். உடைந்தவனுக்கு இருந்ததுபோல் கழுத்தைச் சுற்றி வளைந்து கிடக்க வேண்டும்; அச்சில் சேர்த்தால் கழன்று வராது. அதனால் குட்டியைத் தனியே கையால் செய்து, பச்சை ஈரம் இருக்கும்போதே மண் கூழ் தொட்டு ஒட்டினார். அச்சின் உட்புறத்தில் ஒரே கனமாக மண்ணை அழுத்தி, இரண்டு பாதியையும் பொருத்தி, சேர்ந்த கோட்டை ஈரத்துணியால் தேய்த்தபோது, அந்தக் கோடு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு காய வேண்டும். இங்கேதான் கிறிஸ்துமஸ் வேலை மற்ற வேலைகளிலிருந்து வேறுபடுகிறது. குடில் கேட்டு ஆட்கள் வருவது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். வெயிலில் சடாரென்று காய்ந்தால் வெடிக்கும் என்பதால் நிழலில் மெல்லக் காயவிட்டு, அப்புறம் வெயிலில் வைப்பார்கள். மழைக் காலத்தில் நிழல் இருக்கிறது, வெயில் இல்லை. ஈரம் போகாததைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி உடைத்துக்கொண்டு வெளியேறும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துச் சிதறடிக்கும். அடியில் விடும் துளை, உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் வெளியேற. இவ்வளவும் சரியாகச் செய்தும் ஒரு வாரம் அடைமழை பிடித்துவிட்டால், அடுப்பைச் சுற்றி இடையர்களையும் ராஜாக்களையும் நிறுத்திக் காயவைக்க வேண்டியிருக்கிறது. சமையற்கட்டில் மூன்று ராஜாக்களைப் பார்த்தேன். அந்த வீட்டின் சின்னப் பெண் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது விற்கும் குடில்களில் பெரும்பாலானவை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆனதற்கு இந்த மழை ஒரு முக்கியக் காரணம். ஜிப்சத்தைச் சூடாக்கி நீர் போக்கிய தூள் அது. தண்ணீரில் குழைத்து அச்சில் ஊற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். பிள்ளையார் சிலைகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் நெறிமுறை வகுத்தது. நீர்நிலைகளில் கரைக்கப்படுவதால் வந்த கட்டுப்பாடு. குடில் சுரூபத்தை யாரும் கரைப்பதில்லை, ஆண்டாண்டுக்கும் பொதிந்து வைப்பார்கள். பிளாஸ்டரை நான் குறை சொல்லமாட்டேன். மழையில் சோறு போடுவது அதுதான். ஆனால் மண்ணில் செய்யத் தெரிந்தவருக்கு மண்ணில் செய்யும் வேலை கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வண்ணம் பூசுவது அந்த வீட்டுப் பெண்கள். சுட்ட உருவத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பூசி, அதன்மேல் நிறம். ஆடை, தலைமுடி, பிறகு முகம், கண் கடைசியில். பெரியவரின் மருமகள் மூச்சை நிறுத்திக்கொண்டு ஒரே இழுப்பில் புருவம் எழுதினார். இந்த மாதம் ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்று கேட்டேன்.

"எங்க படுக்குறது டீச்சர்? பெயிண்டு சீக்கிரம் காய மாட்டேங்குது. ராத்திரி பல்பு வெளிச்சத்துல உக்காந்து முடிச்சாத்தான் காலையில வண்டியில ஏத்த முடியும்."

லூக்கா நற்செய்தியில் பாலன் பிறந்த செய்தி முதலில் போய்ச் சேர்வது இரவில் கிடை காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு. ஊர் உறங்கும்போது வேலையில் இருந்தவர்களுக்கு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன். ராத்திரி வேலை என்பதன் அசதியை அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் உணர்ந்தேன்.

குடிலில் நிற்பவர்கள் எல்லாரும் ஒரே நற்செய்தியிலிருந்து வந்தவர்கள் அல்லர். தீவனத் தொட்டியும் இடையர்களும் லூக்காவில். நாம் ராஜாக்கள் என்று சொல்லும், கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மத்தேயுவில், அவர்கள் மூவர் என்று அங்கே எழுதியும் இல்லை. மாடும் கழுதையும் இரண்டிலும் இல்லை; எசாயாவின் ஒரு வாக்கை ஒட்டி வந்து சேர்ந்தவை. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி நகர் பிரான்சிஸ் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது, வைக்கோலும் தீவனத் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும்தான் வைத்தார். ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு வந்து நின்றார்கள். 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவிலிருந்து குடிலைப் பற்றிய மடலை வெளியிட்டார். நம் பக்கமோ, தச்சரான சூசையப்பரை வளன் என்று பெயரிட்டுக் காப்பியத் தலைவனாக்கிய தேம்பாவணியை 18-ஆம் நூற்றாண்டிலேயே வீரமாமுனிவர் பாடிவிட்டார். உழைப்பாளி வீட்டில் நடந்த கதை இது என்பது தமிழுக்குப் பழக்கமான செய்திதான்.

சூளை ஆறி இடையன் வெளியே வந்தபோது, பெரியவர் சொன்னபடியே சின்னவனாக இருந்தான். பழையவன் பக்கத்தில் நிறுத்தினால் தோளுக்கு மேல் கொஞ்சம்தான் வருவான். மருமகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவனுக்குத் தாடி வேணாம் மாமா. பையனாவே விட்ருவோம்" என்றார். பெரியவர் அரத்தை எடுத்துத் தாடியின் மேட்டைத் தேய்த்து மழித்தார். தலைப்பாகைக்கு மஞ்சள், வேட்டிக்கு வெள்ளை. தாடியில்லாத இடையச் சிறுவன் ஆட்டுக்குட்டியோடு எங்கள் குடிலுக்கு வந்தான். பிள்ளைகள் பார்த்ததும் கண்டுகொண்டார்கள். அவன் எந்த வகுப்பு என்பதில் சண்டை வந்து, மூன்றாம் வகுப்பு என்று முடிவானது.

எங்கள் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் நாளில் ஒரு சிறு கூட்டம் நடக்கும். ஆண்டு முழுவதற்குமாக நன்றி சொல்வோம். பங்குத் தந்தை, நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் கழகம், சீருடை வாங்கித் தந்த பழைய மாணவர்கள், சத்துணவுக் கூடத்து அம்மாக்கள். கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் வந்தது முதல், விடிகாலையில் வந்து அடுப்பு மூட்டும் பெண்களின் பெயர்களும் பட்டியலில் சேர்ந்தன. அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தபோது பிள்ளைகள் கைதட்டிய சத்தம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்கு முன் நன்றி என்றாலே பெரும்பாலும் கொடுத்தவர்களுக்குத்தான் என்று ஒரு வழக்கம் இருந்தது. செய்தவர்களுக்கும் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாலன் முன்னால் நின்று செபிக்கும் பிள்ளைக்கு, அந்த முகத்தில் கண் எழுதியவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் சிஸ்டர் உடனே ஒப்புக்கொண்டார். விளாச்சேரிக் குடும்பத்தைக் கூட்டத்துக்கு அழைப்போம் என்றார். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கடிதம் எழுதினார்கள். ஒருத்தி, இடையன் பையனுக்குச் செருப்பு இல்லை, அடுத்த தடவை செருப்பு போட்டு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாள்.

கடிதங்களையும் அழைப்பையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மருமகள் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாமனாருக்கு வாசித்துக் காட்டினார். செருப்புக் கடிதத்தை இரண்டு தடவை. ஆனால் அந்த வாரம் கூட்டத்துக்கு வர வழியில்லை. கடைசி வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

"நன்றி சொல்றீங்க, மனசுக்கு ரொம்ப சந்தோசமா இருக்கு டீச்சர். இன்னொண்ணு கேக்கலாமா?"

"சொல்லுங்கம்மா."

"எல்லாரும் மழையிலதான் குடிலைத் தேடி வர்றாங்க. பொங்கப் பானை முடிஞ்சா ஆவணி வரைக்கும் எங்களுக்கு வேலை கொஞ்சம். பங்குனி, சித்திரையில கையில காசு இருக்காது, வெயில் மட்டும் இருக்கும். அப்பவே சொல்லி அட்வான்ஸ் குடுத்தா எல்லாத்தையும் மண்ணுலயே செஞ்சு, காயவச்சு, சுட்டு எடுத்து வச்சிருவோம். நீங்க டிசம்பர்ல வந்து எடுத்துக்கலாம்."

பெரியவர் மேலும் சொன்னார். கண்மாய் வற்றிக் கிடக்கும் கோடையில்தான் மண் எடுக்க முடியும். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று 2024-இல் அரசு விதியை எளிதாக்கியது மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும். ஆனால் அள்ளி வர வண்டிக்கும் ஆளுக்கும் அப்போதே பணம் வேண்டும். விற்ற பணம் மார்கழியில் வருகிறது. மண்ணுக்குச் செலவு சித்திரையில். இடையில் இருக்கும் மாதங்களை வட்டிக் கடன்தான் நிரப்புகிறது.

கூட்டத்தில் நன்றிப் பட்டியலை வாசித்தபோது இதையும் அப்படியே பெற்றோரிடம் சொன்னேன். பங்குத் தந்தை எழுந்து, பங்குக் கோயில் குடிலுக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள் என்றார். எங்கள் அருட்சகோதரிகளின் சபை நடத்தும் மற்றப் பள்ளிகளுக்குச் சிஸ்டர் கடிதம் எழுதுகிறார். திருக்காட்சி விழா முடிந்து குடிலைப் பிரித்ததும் முன்பணத்தை எடுத்து வைப்பதாகப் பேச்சு.

நாங்கள் கேட்டிருப்பது ஒரு மாடு, கழுதை, அப்புறம் ஓர் ஒட்டகம். பழைய ஒட்டகம் எப்போதோ உடைந்து போய், ராஜாக்கள் இத்தனை ஆண்டும் நடந்தே வருகிறார்கள். ஒட்டகத்துக்கு மண் நிறையப் பிடிக்கும், கால்களைத் தனித்தனியாகச் செய்து ஒட்ட வேண்டும், கழுத்துக்குள் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று பெரியவர் கணக்குப் போட்டார். செய்து பழக்கமா என்று கேட்டேன். "ஐயனாருக்கு ஆளுயரப் புரவி செஞ்ச கை டீச்சர் இது. பங்குனியில வெயில் ஏறட்டும், ஆரம்பிச்சுருவோம்" என்றார்.