போதும் என்று யார் சொல்வது?

1993 ஆகஸ்டில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், பாம்கெட் துறைமுகத்தில் டொனால்ட் மார்ஷல் ஜூனியர் விலாங்கு மீன் பிடித்தார். 463 பவுண்டு. விற்றுக் கிடைத்தது 787 டாலர் 10 சென்ட். உரிமம் இல்லாமல் விற்றார், தடைக்காலத்தில் பிடித்தார் என்று வழக்கு. மார்ஷல் மிக்மாக் பழங்குடியைச் சேர்ந்தவர். பதினேழு வயதில் கைதாகி, செய்யாத கொலைக்கு 11 வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். நீதிமன்றம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஹாலிஃபாக்ஸில் என் அலுவலகத்துப் பெரிய மீட்டிங் எல்லாம் ஒரே வாசகத்தோடுதான் தொடங்கும்: மிக்மாக் மக்கள் விட்டுக்கொடுக்காத நிலத்தில் நாம் இருக்கிறோம். அடுத்த நிமிடம் ஸ்பிரின்ட் ரிவ்யூ. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடப் போய்த்தான் இந்த விலாங்கு மீனிடம் வந்து நின்றேன்.

மார்ஷல் தரப்பு 1760-61இல் பிரிட்டிஷாரோடு செய்த உடன்படிக்கைகளைக் காட்டியது. 1999 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மீன் பிடித்து விற்கும் உரிமை மிக்மாக் மக்களுக்கு உண்டு, ஆனால் ஒரு 'மிதமான பிழைப்பு' அளவுக்குத்தான் என்றது. சோறு, துணி, வீடு, கூடக் கொஞ்சம் வசதி. செல்வம் சேர்க்க அல்ல. அந்த நவம்பரில் இன்னொரு விளக்கமும் வந்தது: மீன்வளத்தைக் காக்க அரசு கட்டுப்படுத்தலாம், ஆனால் அதற்கான நியாயத்தை அரசுதான் நிரூபிக்க வேண்டும்.

சரி, மிதம் என்றால் எவ்வளவு? எங்கள் தொழிலில் 'சிஸ்டம் ஓரளவு வேகமா இருக்கணும்' என்று ரிக்வயர்மென்ட் வந்தால் உடனே திருப்பி அனுப்புவோம். எத்தனை மில்லிசெகண்ட்? அளக்கப்போவது யார்? எண் இல்லாத விதி, கடைசியில் யார் கையில் அதிகாரம் இருக்கிறதோ அவர் சொல்கிற எண்ணாகிவிடும்.

21 வருடம் அந்த எண் வரவில்லை. 2020இல், தீர்ப்பு வந்த அதே செப்டம்பர் 17 அன்று, சிபெக்னெகாடிக் சமூகம் சோல்னியர்வில் துறையில் தன் சொந்த லாப்ஸ்டர் மீன்பிடிப்பைத் தொடங்கியது. அரசிடம் அனுமதி கேட்கவில்லை. விதியை அவர்களே எழுதினார்கள்: ஒரு உரிமத்துக்கு 50 பொறி. முதலில் கொடுத்த உரிமங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கடலில் ஒரு வணிக உரிமத்துக்குக் கிட்டத்தட்ட 400 பொறி வரை போடலாம்.

வணிக மீனவர்கள் கொதித்தார்கள். சீசன் இல்லாத மாதத்தில் பிடித்தால் இனப்பெருக்கம் என்னாகும் என்று கேட்டார்கள். கடலை நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்களின் பயம் அது. பொய்யில்லை. ஆனால் பயம் அங்கேயே நிற்கவில்லை. அக்டோபர் 17 அன்று மிடில் வெஸ்ட் பப்னிகோவில், மிக்மாக் மீனவர்கள் பிடித்ததை வைத்திருந்த லாப்ஸ்டர் கிடங்கு எரிந்து சாம்பலானது.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி. மார்ஷலின் ஊரான மெம்பெர்டூவும் நியூஃபவுண்ட்லாந்தின் மியாவ்புகெக்கும் முன்னின்ற மிக்மாக் சமூகங்களின் கூட்டணி, பிரீமியம் பிராண்ட்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து கிளியர்வாட்டர் சீஃபுட்ஸை வாங்கப்போகிறது. சுமார் 100 கோடி டாலர் ஒப்பந்தம், பாதிப் பங்கு மிக்மாக் மக்களுக்கு. 1984 முதல் மெம்பெர்டூவின் தலைவராக இருப்பவர் டெர்ரி பால். 2002லேயே அந்தச் சமூக நிர்வாகம் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் வாங்கியிருந்தது. நம்மூர் ஐடி கம்பெனி வரவேற்பறையில் மாட்டியிருக்குமே, அதே சான்றிதழ்.

ஒரு பக்கம் 50 பொறி, இன்னொரு பக்கம் 100 கோடி டாலர். முதலில் இரண்டும் எதிரெதிராகத்தான் தெரிந்தது. யோசித்தால், ஒரே கேள்விக்கு இரண்டு பதில். ஒன்று, எவ்வளவு போதும் என்பதை நாங்களே எழுதுகிறோம் என்கிறது. இன்னொன்று, சந்தையில் மற்றவர்களுக்கு இல்லாத 'மிதம்' எங்களுக்கு மட்டும் ஏன் என்கிறது. இரண்டிலும் ரிஸ்க் உண்டு. முதலாவதில் படகும் உயிரும். இரண்டாவதில் அடுத்த தலைமுறை அடைக்க வேண்டிய கடன்.

மிக்மாக் மொழியில் நெதுகுலிம்க் என்று ஒரு சொல் இருக்கிறது. இயற்கை தருவதை, உனக்கும் சமூகத்துக்கும் நலம் தரும் அளவுக்கு, நாளைக்கும் மிச்சம் இருக்கும்படி எடுத்துக்கொள்வது. அதாவது வரம்பு என்பது அவர்களுக்கு நீதிமன்றம் சொல்லிக்கொடுத்த விஷயமல்ல. பந்தியில் 'போதும்' என்று இலைமேல் கை வைப்பவர் சாப்பிடுகிறவர்தான். பரிமாறுகிறவர் 'உனக்கு இது போதும்' என்று சொன்னால், அதே சொல் அவமானமாகிவிடும்.

நான் அதே நிலத்தில் வேலை அனுமதியோடு வந்து இறங்கியவன். சம்பளம் பேசும்போது மூன்று ரவுண்டு பேரம் பேசினேன். அது மிதமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு எந்த உடன்படிக்கையும் தேவைப்படவில்லை, 11 வருடம் சிறையும் தேவைப்படவில்லை. ஒரு ஆஃபர் லெட்டர் போதுமாக இருந்தது.