ராணியை லொறியில் ஏத்தின நாள்

ஏப்ரல் சீசனுக்கு ரெண்டு கிழமை இருக்கும்போது சித்தப்பா கோல் எடுத்தார். "புள்ள, சனிக்கிழம லெக்சர் இல்லதானே? ராணிய நுவரெலியாவுக்குக் கொண்டு வரணும். கூட ஒரு ஆள் வேணும்."

சித்தப்பா சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏத்தி நடத்திக்கொண்டு போகிறவர். ஏப்ரல் உழைப்பில்தான் மிச்ச மாசங்கள் ஓடும். போன பயணத்தில் டிரைவர் வளைவில் சடாரென்று பிரேக் போட, ராணி முழங்கால் அடிபட விழுந்தது. கண்டிப் பக்கம் தெரிந்தவர் காணியில் நின்று காயம் ஆறியது. ஆனால் லொறியைக் கண்டாலே உடம்பு நடுங்கும்.

நான் போகும்போது லொறி மண்மேட்டோடு பின்பக்கமாக ஒட்டி நின்றது. அப்படி நிறுத்தினால் பலகை செங்குத்தாக இல்லாமல் மட்டமாகக் கிடக்கும். கீழே ரப்பர் விரிப்பு, மேலே வைக்கோல். காலடியில் தகரச் சத்தம் கேட்கக் கூடாதாம். தறப்பாளின் முன்பாதியும் கழற்றியிருந்தது. வெளிச்சத்தில் நின்ற குதிரைக்கு இருட்டு பழக எங்களைவிட அதிக நேரம் எடுக்கும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதுக்குத் தெரியாது. மூடின லொறி அதுக்கு ஒரு குகைதான்.

டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. "நாலு சாத்து சாத்துனா ஏறிரும் அண்ணே."

"போன தடவ அப்படித்தான் ஏத்துனேன்" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை.

கயிறைக் கையில் சுத்தாமல் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, பலகையில் தானே நின்றார். ராணி ஒரு கால் வைக்கும், எடுக்கும். முக்கால் மணித்தியாலத்தில் ரெண்டு முன்னங்காலும் பலகையில். சரியாக அந்த நேரம் என் ஃபோன் அலறியது! சைலண்ட்டில் போட மறந்துவிட்டேன். ராணி பின்னால் பாய்ந்தது. நல்லவேளை, நான் பக்கவாட்டில் நின்றேன். சித்தப்பா ஏசவேயில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது. திரும்ப முதலில் இருந்து.

ஏறின பிறகு கழுத்துக் கயிறை நேராகக் கம்பியில் கட்டாமல், கம்பியில் முடிந்த மெல்லிய சணல் வளையத்தில் கட்டினார். மிரண்டு இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பும். கயிறும் தலையைக் குனியுமளவு நீளம். தலையைத் தூக்கியே கட்டி வைத்தால் மூச்சுக்குழாயில் சேருகிற தூசியும் சளியும் வெளியே வராமல் நுரையீரலில் காய்ச்சல் வரும். தூரப் பயணத்தில் அதாலேயே செத்த குதிரைகள் உண்டு.

"லொறிக்குள்ள மூடியில்லாத தண்ணி வாளி இருக்குனு நெனச்சு ஓட்டுங்க" என்று டிரைவரிடம் சொன்னார். நாங்கள் உட்கார்ந்து போகிறோம். குதிரையோ ஒவ்வொரு வளைவிலும் நாலு காலையும் ஊன்றிப் பாரத்தை மாற்றி மாற்றி நிற்கிறது. றம்பொடை வளைவுகளில் அது என்ன பாடுபடும்! புசல்லாவையில் நிறுத்தித் தண்ணீர் காட்டினோம். வேர்த்திருந்தது, ஆனால் வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. பயத்தில் இருக்கிற குதிரை தின்னாது என்று சித்தப்பா சிரித்தார். எனக்கும் வைவாவுக்கு முந்தின நாள் சோறு இறங்காது.

பஸ்ஸில் மூணு மணித்தியாலம் வருகிற ரோட்டுக்கு அஞ்சு மணித்தியாலம் எடுத்தோம். இறங்கினதும் சித்தப்பா முழங்கால் துணியை அவிழ்த்து ரெண்டு தரம் தடவிப் பார்த்தார். காஞ்சிருந்தது. பிறகு டிரைவருக்குப் பேசின காசுக்கு மேல் ஐந்நூறு ரூபா கொடுத்தார். திரும்பப் போகும்போதும் அவரைத்தான் கூப்பிடப் போகிறாராம்.