அணை மீனும் வெல்லப் பாகும்

வேலைநாள் ராத்திரி என்றால் எங்கள் வீட்டில் மாவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டி வைத்த மாவு திங்களன்று இட்லியாகும், செவ்வாயன்று தோசையாகும், புதனன்று வெங்காயம் போட்ட ஊத்தப்பம். அதற்குள் புளித்துவிட்டால் வியாழனன்று குழிப்பணியாரம். தமிழ்நாட்டில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான். இதில் மீனுக்கு இடமே கிடையாது. மீன் ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம், அதிலும் மத்தியானச் சமாச்சாரம். காலையில் வாங்கி, கல்லில் உரசிக் கழுவி, தேங்காய் அரைத்து, மண்சட்டியில் குழம்பைச் சுண்டவிட்டு இறக்க ஒரு அரைநாள் வேண்டும். போதாததற்குச் செவ்வாய், வெள்ளி, சனி கவிச்சி ஆகாது. பழனிக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு கிருத்திகை, சஷ்டி நாட்களில் மீன் பேச்சை எடுக்கவே முடியாது. கழித்துப் பார்த்தால் திங்கள், புதன், வியாழன் மிஞ்சுகின்றன. அந்த மூன்று ராத்திரிகளில் ஒன்றை மீனுக்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி. குழம்பாக வேண்டாம், புளியும் வெல்லமும் சேர்ந்த பாகு பூசிய மீனாக.

மீனில் இனிப்பா என்று முகம் சுளிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோதுதான் முதலில் சாப்பிட்டேன். அவள் வேலையிலிருந்து வருவதற்கே ஏழரை ஆகிவிடும். வரும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் சால்மன் துண்டு நாலு வாங்கி வருவாள். உப்பு தடவி வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். சோயா சாஸ், தேன், நசுக்கிய பூண்டு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் மிளகாய்த்தூள், அவ்வளவுதான் சாமான். மீனைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி சட்டியில் போட்டு, முக்கால் வேக்காட்டில் இந்தக் கலவையை ஊற்றுவாள். அது நுரைத்துக் கொதித்துச் சுண்டி, மீன்மேல் பளபளவென்று ஏறிக்கொள்ளும். குக்கரில் சோறு விசில் அடங்குவதற்குள் மீன் தட்டில் இருக்கும். இதைச் சமையல் என்று சொல்லவே எனக்கு அப்போது மனம் வரவில்லை. தின்று பார்த்த பிறகு பேச்சில்லை.

சால்மனுக்கு இந்தப் பூச்சு ஏன் இப்படிப் பொருந்துகிறது என்றால், அது கொழுப்பு மீன். பண்ணையில் வளர்த்த சால்மனில் நூறு கிராமுக்குப் பத்துப் பதினைந்து கிராம்வரை கொழுப்பு இருக்கும். நாக்கில் படியும் அந்தக் கொழுப்பை வெட்ட ஒரு புளிப்பு வேண்டும், புளிப்பைத் தாங்க ஒரு இனிப்பு வேண்டும், இரண்டையும் பிடித்து நிறுத்த உப்பு வேண்டும். கொழுப்பு இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் சக்கையாகாது. புதிதாகச் சமைப்பவர்களை மன்னிக்கும் மீன் அது. இன்றைக்கு ஓட்டல் பட்டியல்களில் சால்மன் இல்லாத ஊரில்லை என்று ஆகிவிட்டதில் நார்வேக்காரர்களின் வியாபாரக் கெட்டிக்காரத்தனத்துக்கும் பங்குண்டு. 1980-களில் பண்ணை சால்மன் மிதமிஞ்சி விளைந்தபோது அதை ஜப்பானில் விற்க அவர்கள் வருஷக்கணக்காகப் பாடுபட்டார்கள். ஜப்பானியர் சால்மனை உப்பிட்டுச் சுட்டுத் தின்பார்களே ஒழிய, புழு பயத்தால் பச்சையாகத் தொடமாட்டார்கள். அந்தப் பயத்தைப் போக்கி சுஷியில் சால்மனை ஏற்றியது நார்வே. ஆனால் சோயாவும் சர்க்கரையும் சுண்டவைத்து மீனில் பூசுகிற தெரியாக்கி முறை அதற்கு வெகுகாலம் முந்தியது. வேறு மீன்களுக்கு என்று உண்டானது. பூச்சுதான் மூத்தது, சால்மன் பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஊருக்குத் திரும்பியதும் என்னிடம் பூச்சு இருந்தது, சால்மன் இல்லை.

ஆத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சேலம் பக்கத்து ஆத்தூர்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஆத்தூர் திண்டுக்கல் மாவட்டம், செம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரம். இங்கே சால்மன் கேட்டால் மீன்காரர் சிரிப்பார். பெருநகரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரவழைத்தால் கிலோ ஆயிரக்கணக்கில் ஆகும். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அது அடுக்காது. 'இந்தியன் சால்மன்' என்று சில கடைகளில் எழுதி விற்பது நம் காலா மீன். அருமையான மீன்தான், ஆனால் சால்மனுக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. பெயரைப் பார்த்து வாங்கி, சால்மன்போல் நடத்தினால் வறண்டுபோகும்.

எங்களுக்கு என்று இருப்பது அணை மீன். ஊருக்கு மேற்கே காமராஜர் அணை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கத்துக் கீழ்மலை ஓடைகளில் வரும் தண்ணீரை நிறுத்திவைக்கிற இருபத்திமூன்றரை அடி நீர்த்தேக்கம். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிதண்ணீர் இங்கிருந்து போகிறது. தென்னந்தோப்பும் மலையுமாக அழகான இடம் என்று சினிமாக்காரர்களும் வருவார்கள். எனக்கு அதில் முக்கியம் மீன். ரோகு, கட்லா, மிர்கால் எல்லாம் கங்கைப் பக்கத்து மீன்கள். குஞ்சாகக் கொண்டுவந்து விட்டு வளர்ப்பவை. ஜிலேபி இன்னும் தூரத்துச் சொந்தம். ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுகிற மீன் என்பதால், விட்ட இடத்திலெல்லாம் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. அதற்காக அதைத் திட்டுகிறவர்கள் உண்டு. நியாயமான திட்டுதான். ஆனால் வேலைநாள் ராத்திரிக்கு அதைவிடத் தோதான மீன் இந்தப் பக்கத்தில் இல்லை. ரோகுவிலும் கட்லாவிலும் சதைக்குள்ளே கவைமுள் ஊடுபாவாக இருக்கும். குழந்தைக்குக் கொடுக்கும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஜிலேபியில் அந்தத் தொல்லை கிடையாது. நடுமுள்ளை எடுத்துவிட்டால் சதை இரண்டு பக்கமும் சுத்தமாகக் கழன்று வரும்.

குறை என்று சொன்னால் மண்வாடை. கோடையில் தண்ணீர் இறங்கினால் அது இன்னும் கூடும். தண்ணீரில் இருக்கிற நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிரிகளும் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதற்குக் காரணம். புது மழையில் மண்ணிலிருந்து கிளம்பும் வாசனையும் அதே பொருள்தான். அங்கே மூக்குக்கு இனிக்கிறது, இங்கே மீனில் இடிக்கிறது. புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாடை அடங்கும். குளத்து மீனைக் கல்லுப்பும் புளியும் போட்டு உரசிக் கழுவ வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் இவ்வளவு வேதியியல் இருக்கிறது. ஆகவே அணை மீனுக்குப் புளி சும்மா ருசிக்குச் சேர்ப்பது இல்லை, மருந்து மாதிரி அவசியம். புளி வந்துவிட்டால் அதன் முனையை மழுக்க இனிப்பு வந்துதான் ஆக வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாக்தாதில் டைக்ரிஸ் ஆற்றங்கரையில் மஸ்கூஃப் என்று ஒரு மீன் சுடுகிறார்கள். கெண்டை மீனை முதுகில் கீறி விரித்து, மஞ்சளும் புளியும் உப்பும் எண்ணெயும் தடவி, விறகுத் தணலில் நிறுத்திச் சுடுவது. சாமான்களைப் படித்தால் நம்மூர் அடுப்படிப் பட்டியல் மாதிரியே இருக்கும். சீனத்து ஹாங்சோ நகரத்தில் ஏரிப் புல்கெண்டையை வேகவைத்து அதன்மேல் சர்க்கரையும் வினிகரும் சேர்ந்த கருஞ்சாற்றை ஊற்றுவது அந்த ஊரின் பேர்பெற்ற பண்டம். வியட்நாமில் சர்க்கரையைக் கருக்கி, மீன் சாறு ஊற்றி, மண்சட்டியில் கெளுத்தி இன மீனைச் சுண்டவைக்கிறார்கள். எல்லாமே நன்னீர் மீன்கள். மண்வாடை இருக்கிற இடத்தில் ஜனங்கள் புளிப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள், பல இடங்களில் இனிப்பையும் கூட்டியிருக்கிறார்கள். நாம் மட்டும் வத்தக்குழம்பை இறக்கும்போது வெல்லம் கிள்ளிப் போடுகிறோம், புளி இஞ்சியில் போடுகிறோம், மாங்காய்ப் பச்சடியில் அள்ளிப் போடுகிறோம், மீன் என்றதும் கையை இழுத்துக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் சாமானுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. வெல்லத்துக்கு நெய்க்காரப்பட்டி, புளிக்கு நத்தம், சின்ன வெங்காயத்துக்குத் திண்டுக்கல். சோயா சாஸ்கூட இப்போது ஃப்ரைட் ரைஸ் புண்ணியத்தில் பெட்டிக்கடைவரை வந்துவிட்டது.

செய்முறை இவ்வளவுதான். காலையில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பெட்டி கட்டிவரும் மீன்காரரிடம் உள்ளங்கை அகல ஜிலேபி நாலு எடுத்து, செதிலை மட்டும் சீவச் சொல்ல வேண்டும். தோலை உரித்துவிட்டால் பாகு பிடிக்க இடமிருக்காது, சதையும் சட்டியில் ஒட்டும். கல்லுப்பு, புளித்தண்ணீர் போட்டுக் கழுவி, பக்கத்துக்கு மூன்று கீறல் கீறி, மஞ்சளும் உப்பும் தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் பகல் வேலை முடிந்தது. சாயங்காலம் திண்டுக்கல் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், நெல்லிக்காய் அளவு புளியைச் சுடுதண்ணீரில் ஊறப் போட வேண்டும். மீனை வெளியே எடுத்துத் துணியால் ஒற்ற வேண்டும். ஈரம் இருந்தால் மீன் பொரியாது, அவியும். தோசைக்கல்லில் கடலெண்ணெய் இரண்டு ஸ்பூன் விட்டு, கல் நன்றாகக் காய்ந்த பிறகு மீனைப் போட்டு, நாலு நிமிஷம் தொடக்கூடாது. திருப்பிப் போட்டு மூன்று நிமிஷம். அதற்குள் புளியைக் கெட்டியாகக் கரைத்து, அதில் பொடித்த வெல்லம் இரண்டு டீஸ்பூன், தட்டிய பூண்டு ஆறு பல், இஞ்சி, அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், கொரகொரப்பான மிளகு, சோயா சாஸ் ஒரு டீஸ்பூன் சேர்த்துக்கொள்ளலாம். மீனைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அகலமான இரும்புச் சட்டியில் இந்தக் கரைசலைக் கொதிக்கவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் எங்கள் அத்தை உள்ளே வந்தார்கள்.

"ஏத்தா, என்ன பாகு வாசம் வருது? அதிரசத்துக்கா காச்சுற?"

"இல்லத்தே, மீனுக்கு."

"மீனுக்கா!"

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போகவும் இல்லை. சட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றவர்கள், "கம்பிப் பதத்துக்கு விட்றாத, ஆறுனா கல்லாயிரும். கரண்டிய வச்சு இழு, சட்டி அடி தெரிஞ்சு மெதுவா மூடணும். அப்பவே மீனப் போட்டுரு" என்றார்கள். தீபாவளிக்குத் தீபாவளி பாகு காய்ச்சிய கை அது. கொதி முதலில் சின்னச் சின்ன நுரையாகச் சலசலக்கும். தண்ணீர் வற்ற வற்றக் குமிழ் பெரிதாகி, சோம்பலாக உடையும். நிறம் செம்மண்ணிலிருந்து காப்பிக் கறுப்புக்குப் போகும். அந்த நேரத்தில் கரண்டியை இழுத்தால் கோடு விழுந்து, மெதுவாகச் சேரும். மீனைத் திரும்ப இறக்கி, கரண்டியால் பாகை மொண்டு மொண்டு ஒரு நிமிஷம் மேலே ஊற்ற வேண்டும். கீறலுக்குள் பாகு இறங்கி, தோல் மெருகேறிவிடும். அடுப்பை உடனே அணைத்துவிட வேண்டும். வெள்ளைச் சர்க்கரையைப்போல வெல்லம் பொறுக்காது. அதில் இருக்கிற குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சீக்கிரம் கருகிக் கசக்கும். வெல்லம் கல்லில் நேராகப் படக்கூடாது, கடைசியில்தான் வர வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். அதே சமயம், புளியின் அமிலம் சேர்ந்திருப்பதால் பாகு பூத்துப் போகாமல், ஆறினாலும் பளபளப்பாக நிற்கும்.

அத்தை அன்றைக்கு அரை மீன் தின்றார்கள். "நல்லாத்தான் இருக்கு, மொளகு பத்தல" என்பது தீர்ப்பு. அது சரியான தீர்ப்பு. இனிப்பு தெரிய வேண்டும், ஆனால் முதலில் தெரியக்கூடாது. காரமும் உப்பும் புளிப்பும் போன பிறகு கடைசியாக நாக்கில் நிற்க வேண்டும். அதற்கு மிளகு தாராளமாக வேண்டும்.

சுடுசோறும் ரசமும் இருந்தால் உத்தமம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தோசைக்கே தொட்டுக்கொள்கிறார்கள். மாவுக்கு வாரத்தில் இருக்கிற பட்டா உரிமையையும் பறித்ததாகாது. சர்க்கரை நோய்க்காரர்கள் பயப்பட வேண்டியதில்லையா என்று கேட்டால், நாலு பேருக்கு இரண்டு டீஸ்பூன் வெல்லம். நம் வீடுகளில் ஒருவர் ஒரு காப்பிக்குப் போட்டுக்கொள்வதைவிடக் குறைவுதான் ஆளுக்கு வருகிறது. ஒமேகா-3 கொழுப்புக்காகத்தான் சால்மன் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஜிலேபியில் அது அதிகம் இல்லை என்பது உண்மை. அதற்கு மத்தி இருக்கிறது. கடற்கரையிலிருந்து ஐஸில் வந்து திண்டுக்கல் மீன்கடையில் மலிவாகக் கிடைக்கும் மத்தியில் அந்தக் கொழுப்பு தாராளம். சால்மனைப்போலவே எண்ணெய் மீன் என்பதால் இதே பாகை இன்னும் நன்றாக ஏற்றுக்கொள்ளும். அதற்குப் புளியைக் கொஞ்சம் கூட்டி, வெல்லத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்கிற கணக்கு இதற்குச் செல்லாது. ராத்திரி வைத்திருந்தால் பாகு நீர்த்து, தோல் நொந்து, மீன் வெறும் ஈரத்துணியாகிவிடும். தலைக்கு ஒரு மீன் என்று எண்ணி வாங்குங்கள், போதும்.