இந்தப் பாட்டோடு நிறுத்து

எழுத்தாளனுக்கு வருகிற கடிதங்களில் புகழ்ச்சிக் கடிதங்கள் ரொம்ப ஆபத்தானவை. படித்த அன்று உடம்பு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருக்கும். மறுநாள் பேனாவை எடுத்தால் ஒரு வரி நகராது. குறை சொல்லும் கடிதங்கள் வேறு ஜாதி. அவற்றைப் படித்த அன்று தூக்கம் வராது. ஆகையால் அவற்றை ஒரு காலி பிஸ்கோத்து டப்பாவில் போட்டு மூடி, பரணில் ஏற்றிவிடுவது என் வழக்கம். கண்ணில் படாவிட்டால் குறையே இல்லை என்று ஆகிவிடுகிறதல்லவா?

அந்த டப்பாவில் காரைக்குடியிலிருந்து ஓர் அம்மாள் எழுதிய கார்டு ஒன்று கிடந்தது. "முன்பெல்லாம் உங்கள் கதைகளில் வருகிறவர்கள் பசித்தால் சாப்பிடுவார்கள். இப்போது பேசிக்கொண்டே இருக்கிறார்கள்." அவ்வளவுதான் விஷயம். அந்த அம்மாளுக்கு இலக்கியம் தெரியாது என்று தீர்மானித்து டப்பாவை மூடினேன். அதை மறுபடி திறக்க வைத்தவர் விமரிசகர் யாரும் அல்ல. உப்பூரில் மைக் செட் வாடகைக்கு விடும் என் தாய்மாமா.

இராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குப் போகும் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்தைத் தாண்டி வடக்கே வந்தால் உப்பூர். அங்கே கோயில் கொண்டிருக்கும் பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். சுவாமியே வெயிலை உகந்து ஏற்றுக்கொண்டபின் மனிதர்கள் குறைப்பட்டு என்ன செய்வது! மற்ற ஊர்களில் அரச மரத்தடியில் பிரம்மசாரியாக உட்கார்ந்திருப்பவருக்கு, இந்த ஊரில் சதுர்த்தி விழாவின்போது சித்தி, புத்தி தேவியருடன் திருக்கல்யாணமே நடக்கும். கிழக்கே சற்றுத் தள்ளிக் கடல். அலை அதிகம் இல்லாத அந்தப் பாக் நீரிணைக் கடலைப் பெண் கடல் என்பார்கள். அவ்வளவு அமைதியான பிரதேசத்தில் கல்யாணம் நடக்கிறதென்று நாலு ஊருக்குத் தெரிய வேண்டுமானால் குழாய் கட்டித்தான் ஆக வேண்டும். குழாய் என்றால் மாமா.

மாமா இந்தத் தொழிலுக்கு வந்தது பதினாறு வயதில். அப்போது கிராமபோன் காலம். சாவி கொடுத்து, முள் மாற்றி, நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற இசைத்தட்டை வைப்பார். ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம் பாடும். அப்புறம் தட்டுச் சும்மா சுற்றும், ஊரே நிசப்தமாகிவிடும். அடுத்த தட்டை மாமா எடுத்து வைத்தால்தான் அடுத்த பாட்டு. அந்த இடைவெளியில்தான் மாமாவின் தொழில் சாமர்த்தியமெல்லாம் இருந்தது. பெண் அழைப்பு வருகிறதா, பந்தி எழுந்ததா, ஐயர் கையைத் தூக்கினாரா என்று பார்த்து, அதற்கு ஏற்ற தட்டை எடுப்பார். ஒன்றும் எடுக்காமலும் இருப்பார். "பாட்டுப் போடுறது யாரு வேணும்னாலும் போடலாம் மாப்பிள்ளை. எப்பப் போடாம இருக்கணும்னு தெரியணும்" என்பார்.

கிராமபோன் போயிற்று, காஸெட் வந்தது. காஸெட் போய்க் குறுந்தகடு வந்தது. பிறகு ஜெர்மனியிலே ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்துப் பொறியாளர்கள் முதலானோர் பாட்டைச் சுருக்கி வைக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். 1995இல் அதற்கு எம்.பி.3 என்ற பெயர் நிலைத்தது. மாமா தம் தட்டுகளையும் காஸெட்டுகளையும் பரணில் ஏற்றிவிட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கினார். மானிட்டரும் பெட்டியுமாக அதை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போகலானார்.

கம்ப்யூட்டரில் பாட்டுப் போடுவதற்கென்று பிளேயர் என்ற மென்பொருள் இருக்கிறது. அது ஒரு பாட்டு முடிந்த மறு விநாடியே அடுத்ததை ஆரம்பித்துவிடும். அதற்கு மூச்சு வாங்குகிற வழக்கம் கிடையாது. மாமாவுக்கு அதுதான் முதலில் பெரிய சங்கடம். ஆனால் அவரிடமிருந்த பிளேயரில் ஒரு வசதி இருந்தது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால், நடக்கிற பாட்டை முழுவதும் பாடிவிட்டு அது தானாக நின்றுகொள்ளும். மாமா அதற்கு 'இந்தப் பாட்டோடு நிறுத்து' என்று பெயர் வைத்திருந்தார். கிராமபோன் தட்டின் இடைவெளி அந்த இரண்டு விசைகளின் வழியாக அவருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை.

2010ஆம் வருஷம் ஆவணி மாதம். ஒரு முகூர்த்தத்துக்காகச் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். மாமாவின் கம்ப்யூட்டரைப் பார்த்தால், பிளேயர் நாலைந்து வருஷத்துக்கு முந்திய பதிப்பு. மாமாவுக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் புதிய பதிப்பை ஏற்றிவிட்டேன். திரை பளபளவென்று ஆயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கல்யாணம். முகூர்த்தம் நெருங்கியது. பக்திப் பாட்டு ஒன்றின் கடைசி அடி ஓடிக்கொண்டிருந்தது. மாமா வழக்கம்போல அந்த இரண்டு விசைகளை அழுத்திவிட்டு, நாயனக்காரருக்கு மைக்கைத் திருப்பி வைக்க மணமேடைப் பக்கம் போனார். புதிய பதிப்பில் அந்த விசைகளுக்கு ஒரு வேலையும் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பட்டியலோ அகர வரிசையில் இருந்தது. அகர வரிசைக்கு இன்பம் துன்பம் என்ற பேதம் ஏது? பக்திப் பாட்டுக்கு அடுத்தபடியாக, படத்தில் கதாநாயகன் காதலியைப் பறிகொடுத்துவிட்டுப் புலம்புகிற பாட்டு நின்றது. ஐயர் மாங்கல்யத்தை எடுத்துக் கொடுக்கிற சமயம் பார்த்து, நான்கு குழாய்களிலும் அந்தப் புலம்பல் கிளம்பியது.

மாமா ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினார். நாயனத்துக்கு வைத்த மைக்கும் சேர்ந்து ஊமையாயிற்று. பந்தலில் ஒரே முணுமுணுப்பு. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா கூலி வாங்காமலே வந்துவிட்டார். அடுத்த வாரம் பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணங்களும் வெளியூர் செட்டுக்குப் போயின. ஐம்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்டச் சேர்த்து வைத்த பெயர் ஒரு பாட்டில் போயிற்று.

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்து மாமா கேட்டார்.

"யாரைக் கேட்டு மாத்துனே?"

"புதுசு மாமா. பழசைவிட நல்லா இருக்கும்னு..."

"யாருக்கு நல்லா இருக்கும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவன் சரித்திரம் பேசுவான். நானும் பேசினேன். இது உலகமெங்கும் நடக்கிற சங்கதிதான் என்று மாமாவுக்கு எடுத்துச் சொன்னேன்.

வின்ஆம்ப் என்று ஒரு பிளேயர். 1997இல் ஜஸ்டின் ஃபிராங்கல் என்ற அமெரிக்க இளைஞர், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத பருவத்தில், ஒரு நண்பருடன் சேர்ந்து வெளியிட்டார். சின்னது, வேகமானது, உலகமே எடுத்து வைத்துக்கொண்டது. 1999இல் ஏ.ஓ.எல். என்ற பெரிய கம்பெனி அதை வாங்கியது. 2002இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அடியோடு புதிதாக எழுதப்பட்டது, ஆடம்பரமானது. ஆனால் கனத்தது, மெதுவானது. அநேகர் இரண்டாம் பதிப்பை விட்டு நகர மறுத்துவிட்டார்கள். செய்தவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. இரண்டின் வேகத்தையும் மூன்றின் சில நல்ல அம்சங்களையும் சேர்த்து 2003 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதற்கு நாலாம் பதிப்பு என்று பெயர் வைக்கவில்லை. இரண்டும் மூன்றும் ஐந்து என்று சொல்லி ஐந்தாம் பதிப்பு என்றே வைத்தார்கள். தோல்வியைக் கூட்டல் கணக்காக்கிய கெட்டிக்காரத்தனம் அது.

இன்னொன்று அமரோக். அது பிறந்ததே ஒரு குறையிலிருந்துதான். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அப்போது புழங்கிய எக்ஸ்.எம்.எம்.எஸ். என்ற பிளேயரைக் கையாளுவது சிரமமாயிருக்கிறதென்று, மார்க் கிரெட்ஷ்மான் என்ற ஜெர்மானியர் 2003இல் தாமே ஒன்றை ஆரம்பித்தார். பலர் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் வளர்த்தார்கள். 1.4 என்ற பதிப்பைக் கொண்டாடாதவர் இல்லை. பிறகு அடியில் இருந்த அஸ்திவாரமே மாறியது. அதற்கேற்ப எல்லாவற்றையும் திருப்பி எழுதி, 2008 டிசம்பரில் 2.0 வெளிவந்தது. அதில் பழைய வசதிகள் சில இல்லை. இதற்கு அடுத்து இது, அதற்கு அடுத்து அது என்று பாட்டுகளை வரிசையில் நிறுத்தும் வசதியே இல்லை. போகப் போகத் திரும்ப வரும் என்று செய்தவர்கள் வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். சொன்னபடி அடுத்த வருஷமே அது வந்தும் விட்டது. ஆனால் அதற்குள் மனம் கசந்தவர்கள் பலர். அந்த மென்பொருளின் மூல நிரல் யாரும் எடுத்துத் திருத்தக்கூடியபடி திறந்து கிடந்தது. ஆகவே 1.4இன் வழியிலேயே சிலர் 2010இல் கிளமென்டைன் என்ற பிளேயரைக் கொண்டுவந்தார்கள்.

"அமரோக் என்பது பனிப் பிரதேசத்து எஸ்கிமோ கதைகளில் வருகிற ஓநாய் மாமா. கிளமென்டைன் ஒரு ஜாதி ஆரஞ்சு" என்றேன். ஓநாயின் வயிற்றில் ஆரஞ்சு பிறந்த கதை அதோடு நிற்கவில்லை. 2018இல் ஆரஞ்சிலிருந்து ஸ்ட்ராபெரி என்று ஒன்று கிளைத்தது. இடையில் பல வருஷம் மௌனமாயிருந்த ஓநாயும் 2024 ஏப்ரலில் மூன்றாம் பதிப்பாக எழுந்து வந்தது. இதெல்லாம் பின்னால் நடந்தவை.

மாமா சிரிக்கவில்லை. "அவுகள்ளாம் குறை சொன்னாக. செஞ்சவுக காதுல விழுந்துச்சு. நாம சொன்னா விழுமா?" என்று கேட்டார்.

பிராயச்சித்தமாக நான் மனு எழுத உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட மனுவுக்கு ஒரு முறை உண்டு. எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன நடக்குமென்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுத வேண்டும். நான் எழுத்தாளன் அல்லவா? முதல் பாராவிலேயே செய்தவர்களின் அறியாமையைச் சாடி, 'உடனே அந்த விசையைத் திருப்பி வையுங்கள்' என்று முடித்தேன். தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"அவுகளை ஏன் வையிறே? கல்யாணத்துல நடந்ததை எழுது. நான் எங்கே நின்னேன், கம்ப்யூட்டர் எங்கே இருந்துச்சு, அதை எழுது" என்றார் மாமா.

கிழித்துவிட்டு, அவர் சொன்னதையே எழுதினேன். நாலாம் நாள் பதில் வந்தது. முகம் தெரியாத ஒருவர், எந்த தேசமோ, இரண்டு வரி எழுதியிருந்தார். அந்த வசதியை யாரும் உபயோகிக்கவில்லை என்று நினைத்து எடுத்துவிட்டார்களாம். பாட்டு முடிந்ததும் நிறுத்துகிற விசையை அழுத்தினால் போதாதா, முன்கூட்டியே ஏன் அழுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. மாமாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "கேக்குறாரு பாரு! பாட்டு முடியிற நேரத்துல என் கை கம்ப்யூட்டர்ல இல்லை, நாயனக்காரர் மைக்குல இருக்கும்னு எழுது. மேடையில நின்னு திரும்பிப் பார்த்தா, அது நிக்கப் போகுதா ஓடப் போகுதான்னு தெரியலைன்னும் எழுது."

அடுத்த பதிப்பில் அந்த வசதி திரும்ப வந்தது. வெறுமனே வரவில்லை. அதை அழுத்திவிட்டால், நடக்கிற பாட்டின் வரி முழுவதும் சிவப்பாக மாறியது. பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். அந்தச் சிவப்பை நாங்கள் யாரும் கேட்கவில்லை. நான் முதலில் எழுதிய மனு போயிருந்தால் ஒருவேளை விசை மட்டும் வந்திருக்கும். ஒன்றுமே வராமலும் போயிருக்கலாம். மாமா பரிகாரத்தைச் சொல்லாமல் கஷ்டத்தைச் சொன்னார். பரிகாரத்தைத் தொழில் தெரிந்தவர் கண்டுபிடித்துக்கொண்டார். குறை சொல்கிறவனுக்குத் தன் கஷ்டம் தெரிகிற அளவுக்கு மருந்து தெரியாது. செய்கிறவனுக்கு மருந்து தெரியும், கஷ்டம் தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு கேள்வி வேண்டியிருக்கிறது. "ஏன்?" என்று அந்த முகம் தெரியாத மனிதர் கேட்டாரே, அந்தக் கேள்வி.

மாமாவின் பெயர் திரும்ப இரண்டு வருஷம் பிடித்தது. பெயர் என்பது மென்பொருள் அல்ல. அடுத்த பதிப்பில் வந்துவிடாது. முதலில் ஒரு காதுகுத்து, பிறகு ஒரு புதுமனை புகுவிழா என்று சிறுகச் சிறுகத்தான் வந்தது. அபசகுனம் என்று ஊர் பேசிய அந்தக் கல்யாணத்துத் தம்பதி சௌக்கியமாகவே இருக்கிறார்கள். அவர்கள் குழந்தையின் காதுகுத்துக்குத்தான் மாமாவை முதலில் திரும்பக் கூப்பிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காதுகுத்துக்கு நானும் போயிருந்தேன். கடைசி அடி ஓடும்போது மாமா விசைகளை அழுத்தினார். திரையில் வரி சிவந்தது. நிதானமாக நடந்து நாயனக்காரரிடம் போனார். பாதி வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பாட்டு முடிந்தது. குழாய்கள் மௌனமாயின. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு நாயனம் எழுந்தது.

சென்னைக்குத் திரும்பியதும் பரணில் ஏறிப் பிஸ்கோத்து டப்பாவை இறக்கினேன். காரைக்குடி அம்மாளின் கார்டை எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை அது அவ்வளவு கடுமையாகத் தோன்றவில்லை. மேஜையில் பாதி எழுதிய தொடர்கதை கிடந்தது. அதில் ஐந்து அத்தியாயமாக ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஒரு கார்டை எடுத்து, "அம்மணி, நமஸ்காரம். நீங்கள் எழுதியது எந்தக் கதையைப் படித்தபோது தோன்றியது என்று தயவுசெய்து தெரிவிப்பீர்களா?" என்று எழுதினேன்.

பதில் வந்தது. எட்டுப் பக்கம்.