படல் சாத்தும் காலம்

சித்திரை வெயிலில், கோடை மழை இன்னும் விழாத நாட்களில், வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் வரை சாலையின் இருபுறமும் விரியும் கொறங்காடுகளில் பச்சை நிறம் அரிது. தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல் தூர் தூராக வெளிறிக் காய்ந்து நிற்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி இலையுதிர்த்து வெறும் குச்சியும் முள்ளுமாக இருக்கிறது. நகரத்திலிருந்து வருகிறவர் இதைச் செத்த நிலம் என்றே நினைப்பார். குனிந்து ஒரு தூரைப் பற்றி இழுத்தால் அது அசையாது. காய்ந்த தாளை விலக்கி அடித்தண்டை நகத்தால் கீறினால் உள்ளே வெளிர்பச்சை தெரியும். மேச்சேரி ஆடுகள் அந்தத் தாளையும் வெள்வேல மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காயையும் தின்றுகொண்டு இரவும் பகலும் வேலிக்குள்ளேயே இருக்கின்றன. இந்தத் தரைக்கு யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை.

கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம், மழையை மட்டும் நம்பிய நிலம் காடு. அந்தக் காடுகளில் விதைப்புக்கு விடாமல் மேய்ச்சலுக்கென்றே வேலியடைத்து வைத்தது கொறங்காடு. காங்கேயம், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் இவை பெரும்பாலும் தனியார் பட்டா நிலங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்தப் பகுதியில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். அப்படியானால் ஒரு ஏக்கர் கொறங்காட்டின் மேல் ஆண்டு முழுவதும் விழுவது சுமார் 24 லட்சம் லிட்டர். இதில் ஓடிப்போவதும் ஆவியாவதும் போக மிஞ்சுவதில்தான் புல்லும் மரமும் வேலியும் பிழைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இதே வட்டாரத்து ஊர் ஒன்றில் 1,000 சதுர அடிப் புல்தரையைக் கோடையிலும் பச்சையாகவே வைத்திருக்க நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் தண்ணீர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 370 லிட்டர் ஆகிறது. நூறு நாளைக்கு 37,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்றுக்குச் சற்று மேல். வீட்டு முகப்பின் ஒரு துண்டுத் தரைக்கு இவ்வளவு.

இந்த வேறுபாட்டைப் பார்க்கிறவர்கள் உடனே புல்லின் இனத்தைக் கேட்கிறார்கள். வறட்சி தாங்கும் நாட்டுப்புல் எது, விதை எங்கே கிடைக்கும், கிலோ என்ன விலை என்று. கேள்வி நியாயமானதுதான், ஆனால் பாதிதான். கொறங்காட்டைத் தண்ணீரில்லாமல் நிறுத்தி வைத்திருப்பதில் புல்லுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அதைத் திறந்து மூடுகிற ஆளுக்கும், வேலி கட்டுகிற ஆளுக்கும் உண்டு என்பதே நான் சொல்ல வருவது. தண்ணீர்ச் செலவைக் குறைக்கும் புல்தரை எதுவும் வேலைக்கூலியைக் குறைத்துவிடாது. தண்ணீருக்குக் கொடுத்ததில் ஒரு பகுதியை விவரம் தெரிந்த கைக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

புல்லின் பக்கத்தை முதலில் பார்ப்போம். கொழுக்கட்டைப் புல் பல்லாண்டுப் பயிர். ராஜஸ்தானில் அஞ்சன், தாமன் என்று அழைக்கப்படுவதும் இதன் இனங்கள்தான். இதன் நீல வகையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 என்று வெளியிட்டிருக்கிறது. சோளத்தையும் கம்பையும் போல வெப்பத்திலும் குறைந்த நீரிலும் சிக்கனமாக மாவுச்சத்தை உண்டாக்கும் அமைப்பு இதன் இலைக்கு உண்டு. வேர் ஆழமாக இறங்குகிறது. துளிர்விடும் கணுக்கள் மண்ணை ஒட்டி இருப்பதால் ஆடு மேலே கடித்துவிட்டாலும் தூர் சாவதில்லை. ஆனால் இந்தத் தாங்குதிறனுக்கு ஓர் எல்லை இருக்கிறது. முதல் மழை விழுந்ததும் தூர் தன் அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருப்பதைச் செலவழித்துத்தான் துளிர் விடுகிறது. அந்தப் பத்துப் பதினைந்து நாளில் ஆடு உள்ளே நின்று துளிரைக் கடித்துக்கொண்டே இருந்தால் சேமிப்பு தீர்ந்து தூர் மடியும். அதனால்தான் மழைக்குப் பின் காட்டின் வாயிலில் உள்ள படலைச் சாத்திவிடுகிறார்கள். கையில் இருக்கும் நிலத்தை வேலியால் நான்கைந்து காடுகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்ச்சல் நடக்கும்போது மற்றவை மூடிக் கிடக்கும். புல் பூத்து, விதை முற்றி, காற்றில் உதிர்ந்த பின்பே அடுத்த காட்டின் கடவு திறக்கும். எந்தக் காட்டை எப்போது மூடுவது என்பதற்கு நாட்காட்டி கிடையாது. மழையின் அளவையும் புல்லின் முழ உயரத்தையும் பார்த்துச் சொல்கிற கண் வேண்டும். பசியோடு ஆடுகள் கத்தும்போது பச்சையான காட்டைத் திறக்காமல் இருக்கும் மன உறுதியும் வேண்டும். வெள்வேலங் காய் இந்த இடைவெளியை நிரப்புகிறது. புல் மிகக் குறைவாக உள்ள கோடையில்தான் அது பழுத்து உதிர்கிறது. ஆட்டின் வயிற்றில் ஓட்டின் கடினம் தளர்ந்த விதை புழுக்கையோடு விழுந்து அடுத்த மழையில் முளைக்கிறது. இடையிடையே நரிப்பயறு படர்ந்து மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கிறது.

இனி வேலி. கொறங்காட்டின் நுட்பமெல்லாம் வேலியில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. கிளுவை கோடையில் இலையின்றி உறங்கும் மரம். அந்த நிலையில் போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, வெட்டி, மழைக்கு முன்னால் கரையோரக் குழியில் நெருக்கமாக ஊன்றினால் ஈரம் பட்டதும் வேர் விடுகிறது. போத்து மிகவும் இளசாக இருந்தால் அழுகும், முற்றிவிட்டால் துளிர் பிடிக்கத் தாமதமாகும். விரல் கனமா, கட்டைவிரல் கனமா என்று கையால் உருட்டிப் பார்த்தே தேர்கிறார்கள். நட்டால் மட்டும் வேலியாகிவிடாது. பக்கக் கிளைகளை ஒன்றோடொன்று மடக்கிக் கோத்து, உச்சியைக் கழித்து, அடியில் துளிர் வரச் செய்து, பல ஆண்டுகள் பின்னினால்தான் ஆட்டுக்குட்டி நுழையாத வேலி ஆகிறது. கழிக்கத் தவறினால் மரம் உயரே போய் அடி வெறுமையாகிவிடும். முள் குத்தாமல் இதைச் செய்ய முடியாது. வேலி வேலை செய்கிறவர்களின் முன்கையைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து மண்ணை உலர்த்தும் ஆடிக்காற்றை இந்த வேலிதான் தரைமட்டத்தில் தடுக்கிறது. கவுதாரியும் கீரியும் பச்சோந்தியும் அதற்குள் வாழ்கின்றன. கம்பிவேலி ஆட்டை மறிக்கும், காற்றை மறிக்காது.

இந்த ஏற்பாட்டைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் காங்கேயம் மாட்டிலிருந்து தொடங்குகிறார்கள். அது சரிதான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைப் பேணியதும், கண்ணபுரம் மாட்டுச்சந்தையும், இன்று குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் இந்தப் புல்லின் மேல் நிற்பவைதான். ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், போத்து ஊன்றிப் பின்னியவரும் ஆட்டோடு நின்றவரும் வேறு ஒருவர். கொங்கில் பண்ணையாளாக உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் அருந்ததியர்கள். அவர்களுக்குக் கூலி நீண்ட காலம் தானியமாகவே கிடைத்தது. வேலியின் அறிவு அவர்கள் கையில் இருந்தது, வேலிக்குள் நிலம் இல்லை. ஆகவே பழைய முறைக்கு அப்படியே திரும்புவோம் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களின் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் நூற்பாலைக்கும் போனது முற்றிலும் நியாயமான முடிவு. வேலி கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று இன்று வருந்துகிறவர்கள், அந்த வேலையை மதிப்புள்ள தொழிலாகவும் தக்க கூலியுள்ளதாகவும் ஆக்காமல் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வது பொருந்தாது.

மேய்ச்சல் காடு வேறு, வீட்டுப் புல்தரை வேறு என்பது முதல் மறுப்பு. உண்மைதான். கொழுக்கட்டைப் புல் தூர் கட்டி வளர்வது, படர்ந்து மெத்தையாவதில்லை. அதன் விதை துணியில் ஒட்டும். குழந்தைகள் ஓடி விளையாடும் தரைக்கு அறுகுதான் பொருத்தம். மேலே ஓடும் தண்டாலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டாலும் பரவி, காய்ந்து கிடந்து மழையில் உயிர்க்கும் குணம் அதற்கு உண்டு. ஆனால் விதி இரண்டுக்கும் ஒன்றுதான். வாரம்தோறும் ஒட்ட வெட்டினால் அறுகுக்கும் வேர் மேலோடு நின்றுவிடும், பிறகு தினமும் தண்ணீர் கேட்கும். டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் உள்ள லேடி பேர்ட் ஜான்சன் காட்டுப்பூ மையத்தில், அந்த நாட்டுப் புல்வெளியிலேயே விளைந்த எருமைப்புல், நீலக் கிராமா, சுருள் மெஸ்கிட் என்ற மூன்றையும் கலந்து விதைத்துப் பார்த்தார்கள். தனி ஒரு புல்லைவிடக் கலவை அடர்த்தியாக வளர்ந்து களையையும் குறைத்தது. அங்கும் உயரமாக விட்டு எப்போதாவது வெட்டுவதுதான் பராமரிப்பு. கொறங்காட்டுக்காரர் படலால் செய்வதை அங்கே வெட்டும் உயரத்தால் செய்கிறார்கள்.

கோடையில் பழுப்பாக இருக்கும் தரையை யார் விரும்புவார்கள் என்பது அடுத்த மறுப்பு. இங்கிலாந்தைப் போல ஆண்டு முழுவதும் தூறும் நாட்டில் பிறந்த அழகுக் கணக்கை, மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்து முடிந்துவிடும் நாட்டில் வைத்து அளக்கிறோம். கார்த்திகைக் கொறங்காட்டைப் பார்த்தவர்கள் இந்த மறுப்பைச் சொல்ல மாட்டார்கள். முழங்கால் உயரப் பச்சையில் செந்நிறக் கதிர்கள் காற்றுக்குச் சாயும். நான்கு மாதம் பச்சை, நான்கு மாதம் பொன்னிறம், மிச்சம் வெளுப்பு என்பது இந்த மண்ணின் நிறம். அதை நோய் என்று எண்ணிக் குழாயைத் திறக்க வேண்டியதில்லை.

புல்லை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனா சான்று. இதே கொழுக்கட்டை இனத்தை மேய்ச்சலுக்காக அங்கே கொண்டுபோனார்கள். தின்றும் மிதித்தும் அடக்குகிற கால்நடை இல்லாத சொனோராப் பாலைவனச் சரிவுகளில் அது பரவி, காய்ந்து, தீப்பற்றும் எரிபொருளானது. தீயைக் கண்டறியாத சகுவாரோக் கள்ளிகள் அதில் வெந்து சாகின்றன. அங்கே தன்னார்வலர்கள் கடப்பாரையால் ஒவ்வொரு தூராகப் பெயர்த்தெடுக்கிறார்கள். நாட்டுப்புல் என்ற சொல்லில் எந்த நாடு என்பதும், அந்த நாட்டில் அதை யார் தின்கிறார்கள், யார் மூடித் திறக்கிறார்கள் என்பதும் அடங்கியிருக்கின்றன.

கடைசி மறுப்பு வருமானம். ஆழ்துளைக் கிணறு போட்டுச் சொட்டுநீரில் முருங்கை வைத்தால் கிடைப்பதோடு ஒப்பிட்டால் கொறங்காட்டு வருமானம் குறைவுதான். மனையாக விற்றால் கிடைப்பதோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் கிணற்றின் ஆழம் ஆண்டுக்கு ஆண்டு கூடுவது ஏறுவதில்லை, மழை பொய்த்த ஆண்டில் ஆட்டை விற்றுக் குடும்பம் தாங்கியதும் ஏறுவதில்லை. விதைப்பு நடக்காத பட்டா நிலத்தை அரசுக் கணக்கு எளிதாகத் தரிசு என்று எழுதிவிடுகிறது. தரிசு என்று எழுதியதை மாற்றுப் பயன்பாட்டுக்குத் தூக்கிக் கொடுப்பதும் எளிது. இதைத் தனி நிலவகையாகப் பதிவு செய்து, வேலி புதுப்பிக்கும் கூலிக்கு உதவி வழங்கினால் சிறு ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர்களாவது காட்டை விற்காமல் இருப்பார்கள்.

நகரத்தில் கால் ஏக்கர் வெற்றிடம் வைத்திருக்கும் பள்ளியோ ஆலையோ இதைச் சிறிய அளவில் செய்யலாம். கொழுக்கட்டை விதை அறுத்த உடனே சரியாக முளைக்காது, சில மாதம் வைத்திருந்து விதைக்க வேண்டும். பஞ்சுபோல் பறக்கும் என்பதால் ஈரமணலோடு கலந்து, புரட்டாசிக் கடைசியில் மேலாகத் தூவி, விரற்கடை மண்ணுக்கு மேல் மூடாமல் கீறிவிட வேண்டும். நடக்கும் இடத்தில் அறுகு, ஓரங்களில் கொழுக்கட்டை, எல்லையில் கிளுவை. முதல் ஆண்டு விதை உதிரும்வரை யாரையும் உள்ளே விடக்கூடாது. அதற்கு முன்பே, வைகாசியில் போத்து ஊன்ற, மூலனூர்ப் பக்கத்திலிருந்து வேலி வேலை தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் கேட்கிற கூலியைக் கொடுத்து, கூடவே பள்ளித் தோட்டக்காரரையும் நிறுத்திக் கற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டும்.