வானொலி அன்பரின் கைப்பணி

ஓய்வு நேரத்தை இன்பமாகவும் பயனுறவும் கழிப்பதற்குரிய கலைகள் பல உள. தபால்தலை திரட்டுவோர் உளர். தோட்டம் வளர்ப்போர் உளர். தம் வீட்டின் ஓர் அறையிலோ மாடிப்படியின் கீழோ சிறியதொரு வானொலி நிலையத்தை அமைத்துக்கொண்டு, முன்பின் அறியாத அன்பர்களோடு கடல் கடந்து உரையாடுவோரும் உலகெங்கும் உள்ளனர். வாணிக நோக்கமின்றி இதனைச் செய்வதால் இவர்களை அமெச்சூர் வானொலியார் என்பர். ‘ஹாம்’ என்னும் செல்லப் பெயரும் இவர்களுக்கு உண்டு. நம் நாட்டில் இதற்கு மைய அரசின் உரிமம் வேண்டும். தேர்வில் தேறியவருக்கே அது கிடைக்கும்.

அலைபரப்பியும் ஏற்பியும் மட்டும் சேர்ந்து ஒரு நிலையம் ஆகிவிடா. வானில் கட்டும் கம்பி, செய்தி அனுப்பத் தட்டும் சாவி, சோதிக்கும் கருவிகள் எனத் துணைப்பொருள்கள் பல வேண்டும். பணமிருந்தால் அனைத்தையும் கடையில் வாங்கலாம். ஆயினும் அனுபவம் மிக்க ஹாம்கள் அலைபரப்பியை வாங்கினாலும் துணைப்பொருள்களைத் தம் கையாலேயே செய்துகொள்ள விரும்புவர். சிக்கனம் அதற்கு ஒரு காரணமே; முதற்காரணம் அன்று. தான் செய்த பொருள் பழுதுற்றால் எங்கே பழுது என்பது செய்தவனுக்குத் தெரியும்.

வான்கம்பியை முதலில் எடுத்துக்கொள்வோம். 7,100 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பேச விரும்புகிறவருக்கு அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீட்டர். அதிற் பாதி 21 மீட்டர். கம்பியில் அலை செல்லும் இயல்பைக் கருதி நூற்றுக்கு 5 பங்கு குறைத்தால் 20 மீட்டர் ஆகும். அதை நடுவே துண்டித்துப் பக்கத்திற்குப் பத்து மீட்டராக இரு மரங்களுக்கிடையே நைலான் கயிற்றால் கட்டிவிட்டால் வான்கம்பி ஆயிற்று. நடுவில் இரு துண்டுகளையும் தொடாமல் பிரித்து நிறுத்த ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். கைதேர்ந்தவர் கணக்கிட்ட அளவினும் சற்று நீளமாகவே கம்பியை வெட்டிக்கொள்வர். மரம், சுவர், தரை ஆகியவற்றின் அண்மை கணக்கைச் சிறிது மாற்றிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். மீட்டரைப் பார்த்துப் பார்த்து இரு முனைகளிலும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வருவர்.

வீட்டுப் பொருள் இத்துறையில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு செய்தி உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய அமெச்சூர் செயற்கைக் கோள் ஒன்று 1970 ஜனவரி 23 அன்று அமெரிக்காவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. அதன் வான்கம்பிகள், தச்சர் அளவெடுக்கும் எஃகு நாடாவால் ஆனவை. சுருட்டி வைத்தால் அடங்கி, விட்டால் தானே நிமிரும் அந்நாடாவின் குணமே அங்குப் பயன்பட்டது.

கைவேலைகளுள் மிகவும் போற்றத்தக்கதோ, பார்வைக்கு ஒன்றுமில்லாத ஒரு பொருள். ‘டம்மி லோடு’ என்று அதனை வழங்குவர்; போலிச் சுமை என்று கூறலாம். வான்கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இதனை இணைத்தால், அலைபரப்பி தருகிற ஆற்றல் முழுவதையும் இது வெப்பமாக மாற்றித் தன்னுள்ளே அடக்கிக்கொள்ளும். ஓசை வெளியே செல்லாது. இப்படியும் ஒரு கருவி எதற்கு என்று வினவலாம். அலைபரப்பியைச் சுமையின்றி இயக்கினால் அது கெடக்கூடும். வான்கம்பியோடு இணைத்துச் சோதித்தாலோ பிறர் பேச்சுக்கு நடுவே நம் சோதனை ஒலி புகுந்து இரையும். அவ்விரைச்சலுக்கு அடியில் எவருடைய மெல்லிய குரல் மறைந்துபோகிறது என்பதை இரைகிறவர் அறியார்.

2004 டிசம்பர் 26 அன்று கடற்கோள் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கியது. பாரதி பிரசாத் என்னும் அம்மையாரின் தலைமையில் அமெச்சூர் பணிக்காகச் சென்றிருந்த குழு ஒன்று அப்போது போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போன வேளையில் அக்குழுவினர் தீவுகளின் நிலையையும் தீவில் இருந்தோரின் நலத்தையும் பற்றிய செய்திகளை வானொலி வழியே நிலப்பகுதிக்கு அனுப்பினர். அத்தகைய நாளில் அந்த அலைவரிசையில் எழும் வீண் ஒலி ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் செய்தியை மறிக்கும்.

போலிச் சுமையைச் செய்வது கடினமன்று. ஒவ்வொன்றும் 1,000 ஓம் அளவும் 2 வாட் தாங்கும் வலிமையும் உடைய 20 மின்தடைகளை வாங்க வேண்டும். இரண்டு தகரத் தட்டுகளில் துளையிட்டு, அவற்றினிடையே மின்தடைகளைப் பக்க இணைப்பில் பற்றவைத்தால் மொத்தத் தடை 50 ஓம் ஆகும். 40 வாட் வரை தாங்கும். கம்பி சுற்றிய மின்தடைகள் இதற்கு ஆகா. சுற்றிய கம்பி சுருளாகி, உயர் அதிர்வெண்ணில் வேறு குணம் காட்டும். கார்பன் மின்தடையே ஏற்றது. பற்றவைக்கும்போது அவசரம் கூடாது. ஈயம் பளபளவென்று பரவியிருந்தால் நல்ல பற்று. மங்கி, உருண்டு நின்றால் சூடு போதவில்லை என்று பொருள்.

இதனோடு ஒரு டயோடும் ஒரு மின்தேக்கியும் சேர்த்தால், அலைபரப்பியின் ஆற்றலையும் அளந்துவிடலாம். வோல்ட் மீட்டர் காட்டும் உச்ச அழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி, தடையின் இருமடங்காகிய 100-ஆல் வகுக்க வேண்டும். மீட்டர் 30 வோல்ட் காட்டினால் ஆற்றல் 9 வாட். டயோடு தன் பங்காகச் சிறிது விழுங்கும். நுட்பமாக அளப்போர் அதனையும் கூட்டிக்கொள்வர். பத்து வாட் என்று தாம் பெருமையுடன் சொல்லிவந்த கருவி ஆறு வாட்டே தருகிறது என்பதை இந்தத் தகரத் தட்டு வெளிப்படுத்திவிடுவதும் உண்டு. மனம் சற்று வாடும். ஆனால் அன்றிலிருந்து அவர் சொல்லும் கணக்கு மெய்யாகும்.

உரிமம் பெறாத மாணவனும் இன்றே செய்யத்தக்கது மோர்ஸ் சாவி. இரும்பறுக்கும் வாளின் பழைய அலகுத் துண்டு ஒன்றை மரப்பலகையில் ஒரு முனையில் திருகி, மறுமுனைக்கு நேர்கீழே மற்றொரு திருகாணியை நிறுத்த வேண்டும். அலகின் மேலுள்ள வண்ணப்பூச்சை, தொடும் இடத்தில் சுரண்டிவிட மறக்கலாகாது. ஒரு மின்கலத்தையும் பஸ்ஸரையும் இணைத்தால் குற்றொலியும் நெட்டொலியும் அறைக்குள் கேட்கும். பயிற்சிக்கு இதுவே போதும். வானொலிக் கருவி எதனோடும் இணையாமையால் உரிமம் தேவையில்லை. கீழ்த் திருகைக் கால் சுற்று திருப்பினாலும் இடைவெளி மாறும். அதனோடு எழுத்தின் நடையும் மாறும். ஒவ்வொருவரும் தம் மணிக்கட்டுக்கு ஏற்ப அவ்விடைவெளியைச் சில நாள் திருத்தித் திருத்தி அமைத்துக்கொள்வர்.