விரிசலை முந்துதல்

கால்கரி, கனடா
மார்ச் மாத இறுதி

அன்புள்ள அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது காரின் முன்கண்ணாடியில் விழுந்திருந்த தெறிப்பைக் காட்டினேன். “ஏனம்மிணி, ஒரு கல்லுப் பட்டதுக்கு முழுக் கண்ணாடியையே மாத்தோணுமா?” என்று கேட்டீர்கள். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் கேட்கும் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. திங்கட்கிழமை கடைக்குப் போய்வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் குளிர்காலத்தில் சாலையில் உப்பும் பொடிக்கல்லும் தூவுவார்கள். வெப்பநிலை மிகவும் இறங்கிவிட்டால் உப்பு பனிக்கட்டியை உருக்காது. அப்போது டயருக்குப் பிடிமானம் தருவது அந்தக் கல்தான். வண்டி வழுக்காமல் காப்பாற்றும் அதே கல், முன்னால் போகும் லாரியின் சக்கரத்தில் சிக்கினால் நம் கண்ணாடியைத் தேடி வருகிறது. சனிக்கிழமை காலை டீர்ஃபுட் டிரெயில் நெடுஞ்சாலையில் எனக்கு நேர்ந்தது அதுதான். சுண்டிவிட்டதுபோல் ‘டக்’ என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பக்கத்து சீட்டுக்கு எதிரே ஒரு சின்னக் குழி, அதைச் சுற்றி நாலைந்து கால்கள். உடனே துடைத்து, அழுக்கும் ஈரமும் புகாதபடி மேலே டேப் ஒட்டினேன். போன வருடம் கற்ற பாடம் அது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு கண்ணாடிகள், நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற ஒட்டுப் படலம். அந்தப் படலம் முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணாடி உடைந்தாலும் சில்லுகளைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்வது அதுவே. 1903 இல் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் கைதவறி விழுந்த குடுவை விரிசல் விட்டதே தவிர நொறுங்கவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து படலமாக ஒட்டியிருந்ததுதான் காரணம். அங்கிருந்து வளர்ந்த யோசனை இது. பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் வேறு இனம். சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கெட்டிப்படுத்தியது. உடைந்தால் கற்கண்டுபோல் உதிர்ந்துவிடும். அதில் பழுது பார்க்க ஒன்றுமே மிஞ்சாது. முன்கண்ணாடியில் மட்டும்தான் ‘சரிசெய்யலாமா, மாற்றலாமா’ என்ற கேள்வியே எழுகிறது.

கடைக்காரர் முதலில் காருக்குள் உட்கார்ந்து, தெறிப்பு இருந்த இடத்தை உட்பக்கமாக விரல் நகத்தால் தடவினார். வழுவழுப்பாக இருந்தது. வெளிக்கண்ணாடிக்கு மட்டும்தான் சேதம். உள்கண்ணாடியிலும் சொரசொரப்பு தட்டியிருந்தால் பேச்சே இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்து அளவு. ஒரு டாலர் நாணயத்தை இங்கே லூனி என்பார்கள். குறுக்களவு 26.5 மில்லிமீட்டர், நம் ஐந்து ரூபாயைவிடச் சற்றே பெரிது. குழி அதற்குள் அடங்கினால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இந்த வேலைக்கென்றே வட அமெரிக்காவில் ‘ரோலாக்ஸ்’ என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி வட்டக்குழி 1 அங்குலம் வரை, நட்சத்திரத் தெறிப்பு 3 அங்குலம் வரை, நீள விரிசல் 14 அங்குலம் வரை சரிசெய்யத் தக்கவை. ஆனாலும் விரிசல் 6 அங்குலத்தைத் தாண்டினாலே தொடத் தயங்கும் கடைகள் உண்டு.

அளவைவிட இடம் முக்கியம், அண்ணா. ஓட்டுநரின் பார்வைக்கு நேராக 12 அங்குல அகலப் பட்டையைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் மெல்லிய தழும்பு ஒன்று மிஞ்சும். எதிர்வெயிலிலும் எதிரே வரும் விளக்கு வெளிச்சத்திலும் அது கண்ணைக் கூசவைக்கும். அதனால் அந்தப் பட்டைக்குள் 1 அங்குலத்துக்கு மேல் சேதம் என்றால் மாற்றுவதே முறை. ஓரமும் அப்படித்தான். கண்ணாடியின் விளிம்பில் எப்போதும் இறுக்கம் அதிகம். அங்கே விழுந்த கீறல் நிற்காது. விளிம்பைத் தொட்டுவிட்ட விரிசலைக் கண்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் கையை விரித்துவிடுகிறார்கள்.

கடைசியாக அவர் கேட்டது, “எத்தனை நாள் ஆச்சு?” இரண்டு நாள் என்றேன். டேப்பைப் பார்த்துச் சிரித்தார்.

நாள் கணக்கு ஏன் என்று அங்கேயே யோசித்தேன். விரிசலின் நுனி மிகக் கூர்மை. கண்ணாடியில் ஏறும் விசையெல்லாம் அந்த ஒரு புள்ளியில் குவிகிறது. ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921 இல் கண்ணாடியை வைத்தே இதைக் கணக்கிட்டுக் காட்டினார். விரிசல் நான்கு மடங்கு நீண்டால், அதை மேலும் ஓடவைக்கப் பாதி விசை போதும். வளர வளர அது சுலபமாக வளரும். போதாததற்கு, நுனியில் புகும் ஈரம் கண்ணாடியின் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கிறது. அந்த ஈரம் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருத்து, பிளவை உள்ளிருந்தே நெம்புகிறது.

இந்த ஊர் அதற்குத் தோதான ஊர். ராக்கி மலையைத் தாண்டி ‘சினூக்’ என்றொரு வெப்பக்காற்று இறங்கும். இங்கிருந்து தெற்கே பின்சர் கிரீக் என்ற சிற்றூரில் 1962 ஜனவரி 10 அன்று ஒரே மணி நேரத்தில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரியிலிருந்து 22 டிகிரிக்கு ஏறியதாகப் பதிவு இருக்கிறது. அத்தனை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இரவுக்கும் மதியத்துக்கும் இடையே கண்ணாடி படும் பாடு கொஞ்சமில்லை.

போன வருடமும் இப்படி ஒரு தெறிப்பு விழுந்தது. மிளகளவுதான். சம்பளம் வரட்டும், குளிர் குறையட்டும் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். ஒரு விடியற்காலை, மைனஸ் 25 இல் நின்ற வண்டியைக் கிளப்பி ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தேன். உள்பக்கம் சூட்டில் விரிய, வெளிப்பக்கம் குளிரில் இழுபட, என் கண்முன்னே அந்த மிளகிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு ஓட்டுநர் பக்கம்வரை ஓடியது. பின்சீட்டில் மகள் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். அரைமணி நேர வேலையில் முடிந்திருக்க வேண்டியது, பல நூறு டாலர் செலவில் முடிந்தது. பணத்தைவிட, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வழியை நானே அடைத்துக்கொண்டேன் என்பதுதான் உறுத்தியது.

கண்ணாடி மாற்றுவதும் நம் பட்டறைக் காலம்போல் இல்லை, அண்ணா. ரப்பர் பீடிங்கின் பள்ளத்தில் நீங்கள் கயிறு ஓட்ட, நான் சோப்புத் தண்ணி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கண்ணாடியை வெளியிலிருந்து அழுத்த, உள்ளிருந்து கயிற்றை உருவ உருவ, பீடிங்கின் உதடு மடங்கி வந்து உட்காரும். இப்போது எல்லாம் யூரித்தேன் பசை. பழைய கண்ணாடியை அறுத்தெடுத்து, பிரைமர் பூசி, பசையிட்டு ஒட்டுகிறார்கள். பசை பிடிக்கும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. குளிரில் அந்த நேரம் இன்னும் நீளும். கண்ணாடி வண்டியின் உடம்போடு சேர்ந்த உறுப்பாகிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் கூரைக்குத் தோள் கொடுக்கிறது. பல வண்டிகளில் பயணியின் ஏர்பேக், கண்ணாடியில் முட்டுக்கொடுத்துத்தான் ஆளைப் பார்த்து விரிகிறது. ஒட்டு சரியில்லை என்றால் ஏர்பேக் கண்ணாடியையே வெளியே தள்ளிவிடலாம். தடம் மாறினால் எச்சரிக்கும் கேமரா மேலே பொருத்தியிருந்தால், மாற்றிய பிறகு அதன் பார்வையைத் திரும்ப அளந்து சரிப்படுத்த வேண்டும். ஆகவே சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்வதே நல்லது, தொழிற்சாலையில் போட்ட ஒட்டு கலையாமல் இருக்கும். மாற்ற வேண்டியதை மாற்றுவதென்றால் நல்ல கையில் கொடுக்க வேண்டும்.

என் கண்ணாடிக்கு அரைமணி நேரம்தான் ஆனது. குளிர்ந்த கண்ணாடியைக் கொட்டகைக்குள் சற்று வெதுவெதுப்பாக்கினார். குழியின் மேல் சிறு குழலைப் பொருத்தி உள்ளிருந்த காற்றை உறிஞ்சினார். பிறகு ரெசின் என்ற பிசினை அழுத்தி உள்ளே செலுத்தினார். ஒவ்வொரு காலாக நிரம்பி மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரெசினும் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரேபோல ஒளியை வளைப்பதால் கண் ஏமாறுகிறது. புற ஊதா விளக்கில் இறுக வைத்து, மேலே பிளேடால் சுரண்டி மெருகிட்டார். இப்போது அங்கே கடுகளவு நிழல் மட்டும் இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: மாற்ற வேண்டியிருக்கவில்லை, அண்ணா. தெறிப்பு சின்னது, ஓரத்தில் இல்லை, இரண்டு நாளுக்குள் போனேன். இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் பதில் வேறாகியிருக்கலாம்.

இத்தனையும் எழுதக் காரணம் ஒன்று உண்டு. போன நோம்பிக்கு வந்திருந்தபோது உங்கள் காரின் முன்கண்ணாடியில், இடப்பக்கம் கீழ் மூலையில், விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு பார்த்தேன். “அது ரெண்டு வருசமா அப்படியேதான் கெடக்குது” என்றீர்கள். விளிம்பைத் தொட்ட விரிசலை ரெசினால் நிறுத்துவது கடினம், மாற்றுவதே நல்லது. கரூர் வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏசியை முழுசாக வைப்பதும், என் ஹீட்டர் செய்த அதே வேலையைத்தான் தலைகீழாகச் செய்கிறது. மாதாமாதம் கிருத்திகைக்கு நீங்கள் பழனி போகும்போது அந்த இடப்பக்க சீட்டில் உட்காருவது அம்மா. அந்தக் கண்ணாடியை நம்பித்தான் அம்மாவின் ஏர்பேக் இருக்கிறது.

அடுத்த கிருத்திகைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள், அண்ணா. மாற்றியதும் ஒரு படம் அனுப்புங்கள். அண்ணியிடமும் அம்மாவிடமும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை